வேன் நின்ற இரவும் ஓர் அங்கத்துவ அட்டையும்

கண்டியில் ஒரு கல்யாணத்தை முடித்துக்கொண்டு கல்முனைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். பதினெட்டு வளைவில் மெதுவாக இறங்கி, மஹியங்கனையையும் பதியத்தலாவையையும் தாண்டியபோது இரவு பதினொரு மணி. மஹா ஓயாவுக்கு இன்னும் சில கிலோமீற்றர் இருக்கையில் வேனின் முன்பக்கமிருந்து ஆவி கிளம்பியது. வாப்பா ஓரமாக நிறுத்தினார். இரு பக்கமும் காடு. அது யானை நடமாடும் பாதை என்பது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் தெரியும். வேனுக்குள் உம்மா, எண்பது வயது உம்மம்மா, தம்பி, நான்.

உம்மா உடனே சொன்னார்: "இன்ஷூரன்ஸ் இரிக்கிதானே, அவங்களுக்கு அடிங்களேன்."

முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த இலக்கத்துக்கு வாப்பா அழைத்தார். மறுமுனையில் பேசியவர் மரியாதையாகவே விளக்கினார். எங்களிடம் இருந்தது மூன்றாம் தரப்புக் காப்புறுதி. எங்கள் வாகனத்தால் மற்றவருக்குத் தீங்கு நேர்ந்தால் அதற்குப் பொறுப்பேற்பது அது. எங்கள் வேன் வழியில் நின்றுபோனால் அதற்கும் காப்புறுதிக்கும் தொடர்பில்லை. பிழை எங்களுடையதுதான். வருடா வருடம் பணம் கட்டிய அந்தப் பத்திரத்தை எங்கள் வீட்டில் யாரும் வாசித்ததே இல்லை.

அடுத்து கல்முனையில் கெரியர் லொறி வைத்திருக்கும் ஒருவருக்கு அழைத்தோம். அந்த நேரத்தில் வந்து ஏற்றிச் செல்ல 35,000 ரூபாய் கேட்டார். வாப்பா யோசித்துக்கொண்டிருக்கும்போதே நெல் லொறி ஒன்று நின்றது. அதை ஓட்டி வந்த சிங்கள மாமா கயிறு கட்டி எங்களை மஹா ஓயா டவுன் வரை இழுத்துச் சென்றார். காசு வாங்க மறுத்துவிட்டார். விடியும்வரை ஒரு கடை வராந்தாவில் இருந்தோம். காலையில் கராஜ் பாஸ் பார்த்துச் சொன்னது, ரேடியேட்டர் ரப்பர் குழாய் வெடித்திருக்கிறது என்று. மாற்றுவதற்கு 4,500 ரூபாய்தான் ஆனது.

வீதியோர உதவி அங்கத்துவம் எடுப்பதா இல்லையா என்ற விவாதம் அன்று எங்கள் வீட்டில் தொடங்கியது. வர்த்தகப் பிரிவில் படிப்பதால் கணக்குப் பார்க்கும் வேலை என் தலையில் விழுந்தது.

இந்த ஏற்பாடு புதியதல்ல. 1905ஆம் ஆண்டு இங்கிலாந்தில் தொடங்கப்பட்ட ஆட்டோமொபைல் சங்கத்தின் முதல் வேலை, வேகமாக ஓட்டுபவர்களைப் பொலிஸ் மறைந்திருக்கும் இடங்களிலிருந்து காப்பாற்றுவதாம்! பழுதான வாகனங்களுக்கு உதவுவதெல்லாம் பிறகு வந்தது. நம் நாட்டு ஆட்டோமொபைல் சங்கம் அதற்கும் ஒரு வருடம் மூத்தது, 1904இல் உருவானது. இன்று முழுமையான காப்புறுதி, அதாவது நாம் "புல் இன்ஷூரன்ஸ்" என்று சொல்வது, பல நிறுவனங்களில் இந்தச் சேவையையும் சேர்த்தே தருகிறது.

பொதுவாக இதில் அடங்குபவை: பெட்டரி இறங்கினால் வந்து இயக்கிவிடுவது, டயர் மாற்றித் தருவது, எரிபொருள் தீர்ந்தால் கொண்டுவருவது, திறப்பை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டால் திறந்து தருவது, ஒன்றும் சரிவராவிட்டால் கராஜுக்கு ஏற்றிச் செல்வது. மாற்றும் உதிரிப்பாகத்தின் விலையும் எரிபொருளின் விலையும் நம்முடையவை. இதைக் காப்புறுதி என்று நினைப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். காப்புறுதி நட்டம் வந்த பின் பணமாக ஈடுசெய்வது. இதுவோ அந்த நேரத்தில் ஓர் ஆளை அனுப்புவது. ஆள் வந்து சேர முடியாத இடத்தில் அட்டை இருந்து பயனில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். வருடக் கட்டணம் 6,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறை கெரியர் கூலி 35,000. ஏறக்குறைய ஆறு வருடத்துக்கு ஒரு முறை வேன் நின்றாலே கட்டிய காசு திரும்பிவிடும். அப்படியென்றால் எடுப்பதுதானே இலாபம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இத்தகைய திட்டங்களில் இலவசமாக இழுத்துச் செல்லும் தூரத்துக்கு ஓர் எல்லை இருப்பது வழமை. அது 25 கிலோமீற்றர் என்றால்? வேன் நின்ற இடத்திலிருந்து கல்முனை சுமார் 85 கிலோமீற்றர். மீதி 60 கிலோமீற்றருக்கு நாமே கொடுக்க வேண்டும். மிச்சமாவது ஏறத்தாழ 10,000 ரூபாய் மட்டுமே. அந்தக் கணக்கில் ஒரு வருடமும் எட்டு மாதமும் ஆவதற்குள் ஒரு முறை வேன் நின்றால்தான் கட்டணத்துக்கு ஈடாகும். அவ்வளவு அடிக்கடி நிற்கும் வேனுக்கு அட்டை வாங்குவதைவிட வேனை விற்பது நல்லது என்று தம்பி சொன்னான். வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை.

ஆகவே விலையைக் கேட்பதற்கு முன் கேட்க வேண்டியவை வேறு. எத்தனை கிலோமீற்றர் இலவசம், அதற்கு மேல் கிலோமீற்றருக்கு எவ்வளவு? வருடத்தில் எத்தனை முறை அழைக்கலாம்? அங்கத்துவம் வாகனத்துக்கா, ஆளுக்கா? பழைய வாகனத்தை ஏற்பார்களா? எல்லாவற்றையும்விட முக்கியம், நம் மாவட்டத்தில் அவர்களுக்கு ஆள் இருக்கிறாரா, கொழும்பிலிருந்துதான் வர வேண்டுமா? "நாடு முழுவதும்" என்ற சொல்லுக்குள் அம்பாறை மாவட்டம் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நம் பொறுப்பு.

தெஹிவளையில் இருக்கும் என் ராத்தாவின் நிலைமை முற்றிலும் வேறு. அவரிடம் இருப்பது ஹைபிரிட் கார். வேலை முடிந்து பல நாட்களில் இருட்டிய பின் தனியாகத்தான் ஓட்டி வருகிறார். எங்கள் வேனைக் கயிறு கட்டி இழுத்ததுபோல் அந்தக் காரை இழுக்க முடியாது. முன் சில்லுகள் நிலத்தில் உருள இழுத்தால் உள்ளே இருக்கும் மோட்டார் தொகுதி பழுதாகலாம். கெரியரில்தான் ஏற்ற வேண்டும். பெரிய ஹைபிரிட் பெட்டரி நன்றாக இருந்தாலும் பின்பக்கம் இருக்கும் சிறிய 12 வோல்ட் பெட்டரி இறங்கினால் கார் உயிர் பெறாது என்பதும் பலருக்குத் தெரியாத விடயம். (கயிறு கட்டி இழுப்பதும் இலேசான காரியமல்ல. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் உதவியும் நின்றுவிடும். அன்று பிரேக்கை மிதித்தே வாப்பாவின் கால் இரண்டு நாள் வலித்தது.)

ராத்தாவுக்குத் தூரம் குறைவு என்பதால் கெரியர் கூலியும் குறைவு. காசுக் கணக்கில் அவருக்கு மிச்சம் பெரிதாக இல்லை. ஆனால் இரவில் தெரியாத ஒருவரின் உதவியை நம்பி நிற்பதா, பெயரும் இலக்கமும் பதிவாகியிருக்கும் ஒருவரை அழைப்பதா என்பதற்கு நான் படித்த கணக்கியலில் நிரல் இல்லை. நெல் லொறி மாமா நல்லவராக இருந்தார், அல்ஹம்துலில்லாஹ். அன்று வாப்பாவும் எங்களோடு இருந்தார்.

ராத்தா அங்கத்துவம் எடுக்கத் தயாரானபோது நான் அவரிடம் ஒன்று மட்டும் கேட்டேன்: "உங்கட இன்ஷூரன்ஸ் பேப்பரை வாசிச்சீங்களா?" வாசித்திருக்கவில்லை. எடுத்துப் பார்த்தால், அவருடைய முழுமையான காப்புறுதியிலேயே வீதியோர உதவி இருக்கிறது. இன்னோர் அட்டை வாங்கியிருந்தால் ஒரே சேவைக்கு இரண்டு முறை கட்டியிருப்பார். அந்த இலக்கத்தையும், அதிவேக வீதிகளுக்கான 1969 என்ற அவசர இலக்கத்தையும் இப்போது தொலைபேசியில் பதிந்து வைத்திருக்கிறார். மாத்தறைக்குப் போகும்போது அது தேவைப்படலாம். அதிவேக வீதியில் கயிறும் லொறி மாமாவும் கிடையாது.

வாப்பா இன்னும் எதுவும் எடுக்கவில்லை. அவர் செய்தது வேறு. வேனின் எல்லா ரப்பர் குழாய்களையும் பெல்ட்டையும் மாற்றினார். ஸ்பெயார் டயருக்குக் காற்றடித்தார், அது எத்தனையோ மாதமாகக் காற்றில்லாமல்தான் கிடந்திருக்கிறது. மஹா ஓயா பாஸின் இலக்கத்தையும் அம்பாறையில் கெரியர் வைத்திருப்பவரின் இலக்கத்தையும் ஓர் அட்டையில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டினார். மாதம் 500 ரூபாய் ஒரு டின்னில் போடுகிறார். வேன் நிற்காவிட்டால் அந்தக் காசு நம்மிடமே இருக்கும் என்பது அவர் வாதம். நானும் பெரும்பாலும் அவர் பக்கம்தான், எங்கள் வேனைப் பொறுத்தவரை.

உம்மா ஒத்துக்கொள்ளவில்லை. டின்னில் இருக்கும் காசு இரவு பதினொரு மணிக்கு ஆள் அனுப்புமா என்று கேட்கிறார். அல்லாஹ் நாடினால் அடுத்த வருடம் நான் பேராதனைக்குப் போக நேர்ந்தால் அதே வீதியால்தான் வந்து போக வேண்டும் என்பதும் அவர் மனதில் இருக்கிறது. வேனின் காப்புறுதி ஒக்டோபரில் முடிகிறது. உம்மா அந்தத் திகதியைக் கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். இந்த முறை பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை நான் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டுமாம்.