முதுமையிலும் ஓடலாம்: நிதானமே மூலதனம்

பணி ஓய்வு பெறும் நாள்வரை நம்மை நடமாடச் செய்பவை அலுவலகமும் குடும்பப் பொறுப்புகளும். பேருந்து, மாடிப்படி, சந்தை, பள்ளி வாசல் என்று நாள் முழுவதும் கால்களுக்கு வேலை இருக்கிறது. ஓய்வூதியம் தொடங்கியதும் அந்த வேலை பெரும்பாலும் நின்றுவிடுகிறது. சில ஆண்டுகளில், தரையில் அமர்ந்தால் எழுவதற்கு ஒரு கை தேவைப்படுகிறது. பேருந்தின் படி உயர்ந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. சேமிப்பு இருந்தும், விரும்பிய இடத்திற்குத் துணையின்றிச் செல்ல உடல் இடம் தருவதில்லை. அந்த நிலையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட உதவும் எளிய வழிகளுள் ஒன்று மெல்லோட்டம்.

உடலில் நிகழ்வது என்ன?

முப்பது வயதைக் கடந்தபின் ஒவ்வொரு பத்தாண்டிலும் தசையின் அளவு 3 முதல் 8 விழுக்காடு வரை குறைகிறது. அறுபதுக்குப் பிறகு இத்தேய்வு விரைவுபடுகிறது. எலும்பின் உறுதியும் இதயத்தின் ஆற்றலும் உடன் குறைகின்றன. பயன்படுத்தாத உறுப்பு மேலும் தளரும். அளவோடு பயன்படுத்தும் உறுப்பு எந்த வயதிலும் ஓரளவு வலுப்பெறும்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1984ஆம் ஆண்டு முதல், ஐம்பது வயதைக் கடந்த ஓட்டப் பழக்கம் உள்ளோரையும் இல்லாதோரையும் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கவனித்து வந்தனர். பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தபோது ஓடியவர்களில் 15 விழுக்காட்டினரும் ஓடாதவர்களில் 34 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். ஓடியவர்கள் தொடக்கத்திலேயே சற்று நல்ல உடல்நிலை பெற்றிருந்ததைக் கணக்கில் கொண்ட பின்னரும் அவ்வேறுபாடு மறையவில்லை. அன்றாடச் செயல்களுக்குப் பிறரைச் சார்ந்திருக்கும் நிலையும் அவர்களுக்குப் பல ஆண்டுகள் தாமதமாகவே வந்தது.

‘ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும்’ என்பது பலருடைய அச்சம். அதே குழுவினர் எக்ஸ்-ரே படங்களின் வழியே முழங்கால்களை ஒப்பிட்டபோது, ஓடுபவர்களிடம் மூட்டுத் தேய்மானம் கூடுதலாகக் காணப்படவில்லை. எனினும், ஏற்கெனவே மூட்டு பாதிக்கப்பட்டவர்கள் மருத்துவர் அனுமதித்தால் மட்டுமே ஓடவேண்டும்.

வயதுக்கேற்ற களம்

மூத்தோர் தடகளத்தில் 35 வயது நிறைந்தவர்கள் பங்கேற்கலாம். ஐந்தாண்டுக்கு ஒரு பிரிவு என்று வகுத்திருப்பதால், எழுபது வயதினர் ஏறத்தாழ எழுபது வயதினருடனேயே போட்டியிடுவர். மும்பை மாரத்தானில் 42.195 கிலோமீட்டர் முழு ஓட்டத்துடன், மூத்த குடிமக்களுக்கென ஐந்து கிலோமீட்டருக்கும் குறைந்த தூரமுள்ள தனி ஓட்டமும் நடைபெறுகிறது. விரும்புவோர் அதை நடந்தே முடிக்கலாம்.

பஞ்சாப் மாநிலம் ஜலந்தர் அருகே பிறந்த ஃபௌஜா சிங், மனைவியையும் மகனையும் இழந்த துயரத்திற்குப் பின் இங்கிலாந்தில் குடியேறி, முதுமையில் ஓட்டத்தைக் கைக்கொண்டார். 2000ஆம் ஆண்டு லண்டனில் தம் முதல் மாரத்தானை ஓடியபோது அவருக்கு வயது 89. 2011இல், நூறாவது வயதில், டொராண்டோ மாரத்தானை எட்டு மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு நிறைவு செய்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் கின்னஸ் நிறுவனம் அச்சாதனையை ஏற்கவில்லை. சான்று கேட்கும் இடங்களைப் பழகிய நமக்கு அது வியப்பளிக்காது! அதே மாநிலத்தைச் சேர்ந்த மான் கௌர் அம்மையார் 93 வயதில் பயிற்சியைத் தொடங்கினார். 2017இல் ஆக்லாந்தில் 101 வயதில் நூறு மீட்டரை 1 நிமிடம் 14 விநாடிகளில் ஓடித் தங்கம் வென்றார். நாம் அனைவரும் அவர்களைப்போல் ஆக இயலாது. ஆனால் தொடங்குவதற்குக் காலம் கடந்துவிட்டது என்று கூறுவது இனி கடினம்.

தொடங்கும் முறை

முதலில் மருத்துவரைக் காணுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம் ஆகியவற்றைப் பரிசோதித்துக்கொள்வது அவசியம். அதன்பின் நான்கு முதல் ஆறு வாரங்கள் நாள்தோறும் அரை மணி நேரம் நடந்தால் போதும். நடை எளிதானபின், ஒரு நிமிடம் மெல்லோட்டம், மூன்று நிமிடம் நடை என்று மாறி மாறிச் செய்யலாம். வாரத்திற்கு மூன்று நாட்கள் இவ்வாறு ஓடினால் போதுமானது. இடையில் ஓய்வு நாள் இருக்கட்டும்.

வேகத்தை அறிய எளிய அளவுகோல் பேச்சு. ஓடும்போது உடன் வருபவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடியவேண்டும். மூச்சிரைத்துச் சொற்கள் தடைப்பட்டால் வேகம் மிகுதி என்று பொருள். சில ரத்த அழுத்த மாத்திரைகள் நாடித்துடிப்பைக் குறைப்பதால், கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட இம்முறை நம்பகமானது.

65 வயதைக் கடந்தவர்கள் வாரத்திற்கு 150 நிமிடங்களேனும் மிதமான உடற்பயிற்சி செய்யவேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாட்கள் வலுவையும் சமநிலையையும் வளர்க்கும் பயிற்சிகளைச் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்றும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை எழுந்து அமர்வதும், சுவரைத் தொட்டபடி குதிகாலை உயர்த்தி இறக்குவதும் வீட்டிலேயே செய்யத்தக்கவை. கீழே விழாமல் காப்பவை இவையே.

நெஞ்சில் இறுக்கம், தலைசுற்றல், வழக்கத்திற்கு மாறான மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடவேண்டும். இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் சட்டைப்பையில் சிறிது சர்க்கரை அல்லது குளுக்கோஸ் வைத்திருப்பது நன்று.

நான்கைந்து மாதங்களுக்குப் பின், அருகில் நடைபெறும் குறுந்தூர ஓட்டம் ஒன்றில் பெயரைப் பதிவு செய்யுங்கள். நாட்காட்டியில் குறித்த ஒரு தேதி, சோம்பல் வரும் காலைகளில் நம்மை எழுப்பும். அதற்காக அவசரப்பட வேண்டாம். தொடர் வைப்பில் மாதந்தோறும் செலுத்தும் தொகையே முதிர்வுத் தொகையாகிறது. ஓராண்டுப் பயிற்சியை ஒரே மாதத்தில் உடலிடம் செலுத்திவிட இயலாது.

ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் வாழ்நாள் சான்றிதழ் அளிக்கக் கிளைக்கு வரும் ஓய்வூதியர்கள், அடுத்துவரும் பல நவம்பர்களிலும் தாமாகவே படியேறி வரவேண்டும். அதற்கான முதல் அரை மணி நேர நடையை நாளைக் காலையே தொடங்கலாம்.