வெற்றுக் கட்டம்

கணக்கெழுதுவோர்க்கு எழுதிய எண்ணினும் எழுதாது விடுத்த இடமே பெருந் தொல்லை தருவதாம். ஏட்டில் ஓரிடம் வெறுமையாயிருப்பின், அதனைக் கண்டோர் எழுதினாரை அழைத்துக் காரணம் வினவுவர். கணிப்பொறியோ வினவுவதில்லை, தனக்குரிய விதிப்படி கணக்கை முடித்து விடையைத் தந்துவிடும். ஆதலின் அவ்வெறுமையை அறியும் முறையினை நாம் கற்றல் வேண்டும்.

விரிதாள் என்பது வரிசையும் நிரலுமாக வகுக்கப்பட்ட கட்டங்களின் தொகுதி. 1979ஆம் ஆண்டில் டான் பிரிக்ளின், பாப் பிராங்க்ஸ்டன் என்னும் அமெரிக்கர் இருவர் ‘விசிகால்க்’ என்னும் பெயரால் இதனைச் சிறு கணிப்பொறிகட்கு அமைத்தளித்தனர். இன்று பலருங் கையாளும் ‘எக்செல்’ 1985இல் வெளிவந்தது. நிரலுக்கு எழுத்தும் வரிசைக்கு எண்ணும் பெயராதலின், கட்டங்கள் பி2, பி3 என வழங்கும்.

பி2 முதல் பி5 வரை நான்கு மாணவர்தம் மதிப்பெண்கள் உள்ளனவென்று கொள்வோம். மூவர் பெற்றவை 60, 70, 50. நான்காமவர் நோயுற்றமையால் தேர்வெழுதவில்லை; பி5 வெறுமையாக உள்ளது. சராசரி காணும் ‘ஆவரேஜ்’ சூத்திரம் வெற்றுக் கட்டத்தை நீக்கி, மூன்றால் வகுத்து, 60 என்னும். ஆனால் வேறொரு தாளில் ‘=பி5’ என எழுதி அதனை எடுத்தாண்டால், அங்கே 0 தோன்றும்; சராசரி 45 ஆகும். தேர்வெழுதாமை வேறு, எழுதி ஒன்றும் பெறாமை வேறு. நோயுற்ற மாணவர் யாரும் அறியாமலே தோல்வியுற்றவராகி விடுகின்றனர்!

இதனைத் தடுக்க, =இஃப்(பி5="","",பி5) என எழுதுதல் வேண்டும். ‘பி5 வெறுமையாயின் வெறுமையே காட்டுக, அன்றேல் அதன் மதிப்பைக் காட்டுக’ என்பது இதன் பொருள். ‘=பி5=0’ என வினவுதல் பயன்படாது; வெற்றுக் கட்டத்திற்கும் அது மெய்யென்றே விடை கூறும்.

இனி, வெறுமையிலும் வகையுண்டு. ‘ஈஸ்பிளாங்க்’ என்னும் சூத்திரம், யாதொன்றும் இடப்படாத கட்டத்தையே வெற்றென ஒப்பும். மேற்கூறிய ‘இஃப்’ சூத்திரம் உள்ள கட்டம் கண்ணுக்கு வெறுமையாயினும், உள்ளே சூத்திரம் இருத்தலின், அன்றென மறுக்கும். ‘=""’ என்னும் ஒப்புமையும், வெற்றுக் கட்டங்களை எண்ணும் ‘கவுண்ட்பிளாங்க்’ சூத்திரமும் இவ்விரண்டையும் வெற்றெனவே கொள்ளும்.

மூன்றாவது வகையே மிகவும் ஏமாற்றுவது. ஒருவர் அறியாது இடைவெளி விசையை ஒருமுறை அழுத்திவிடின், கட்டம் வெறுமையாகத் தோன்றும். ஆயினும் மேற்கூறிய மூன்றும் அதனை வெற்றென்று கொள்ளா. =லென்(ட்ரிம்(பி5))=0 என வினவின் இவ்வகையும் வெளிப்படும். ‘ட்ரிம்’ மிகையான இடைவெளிகளை நீக்க, ‘லென்’ எஞ்சிய எழுத்துக்களை எண்ணும்.

முடிவாக ஓர் எளிய சோதனை கூறுவோம். எண்களை மட்டும் எண்ணும் ‘கவுண்ட்’ சூத்திரத்தின் விடையையும் ‘கவுண்ட்பிளாங்க்’ விடையையும் கூட்டுக. அத்தொகை பெயர்களின் தொகைக்கு ஒப்பாகாது குறையுமாயின், எண்ணும் வெறுமையும் அல்லாத ஒன்று எங்கோ மறைந்துள்ளது என்பது தெளிவு. அதனைத் தேடிக் கண்ட பின்னரே சராசரி காண்க. ஒவ்வொரு வெற்றுக் கட்டத்திற்கும் நேரே ஒரு மாணவர் பெயர் உண்டென்பதை நாம் மறவாதிருப்போமாக.