நாவும் வேடமும்

சென்ற ஞாயிறு மாலை பாமன்கடையில் என் இல்லத்து விறாந்தையில் என்னிடம் முன்னர் இலக்கியம் பயின்ற நால்வர் கூடியிருந்தனர். ஷியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ நாவலைத் தழுவித் தீபா மேத்தா 2020-ஆம் ஆண்டில் ஆக்கிய திரைப்படத்தைப் பார்த்து முடித்திருந்தோம். 1994-இல் வெளிவந்த அந்நாவல், கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றின் கதையை 1983 ஆடிக் கலவரம் வரை கொண்டு செல்வது. எங்கள் தெருக்களின் கதை எனலாம்.

அப்படத்தில் தமிழ்ப் பாத்திரங்கள் பலவற்றைத் தமிழரல்லாதாரே ஏற்றிருந்தனர். அவர்கள் வாயில் தமிழ் தடுமாறிற்று. கனடாத் தமிழர் படத்தைப் புறக்கணிக்கக் குரல் எழுப்பினர். தமிழ் உரையாடல்களுக்குத் தமிழரைக் கொண்டு மீண்டும் குரல் சேர்க்கப்பட்டது. கனடா ஒஸ்கார் பரிசின் பிறமொழிப் பிரிவுக்கு இப்படத்தை அனுப்பியபோது, உரையாடலிற் பாதிக்கு மேல் ஆங்கிலம் என்று அது தள்ளப்பட்டது. தமிழர் கதையிலே தமிழுக்குக் கிடைத்த இடம் அவ்வளவே.

மாணவி ஒருத்தி கேட்டாள்: “சேர், நடிப்பெண்டாலே இன்னொராளாய் மாறுறதுதானே? பிறகேன் தமிழர்தான் நடிக்க வேணுமெண்டு கேக்கினம்?”

நல்ல கேள்வி. இதே வினா 2017-ஆம் ஆண்டில் யப்பானியக் கதையொன்றைப் பற்றியும் எழுந்தது. மசமுனே ஷிரோவின் சித்திரக்கதையான ‘கோஸ்ட் இன் த ஷெல்’ ஹொலிவூட்டிற் படமானபோது, மொட்டோக்கோ குசனாகி என்னும் பாத்திரத்தை வெள்ளை நடிகையான ஸ்கார்லெட் ஜொஹான்சன் ஏற்றார். ஆசிய அமெரிக்கர் கொதித்தனர். ஆயின் அதே கதையை 1995-இல் ஓவியப் படமாக்கிய மமோரு ஒஷீயோ அத்தெரிவிற் குறை காணவில்லை. தம் நாட்டுத் திரையெங்கும் தம் முகத்தைக் காண்பவர்க்கு ஒரு வேடம் போனாற் போகட்டும். பிறநாட்டிற் சிறுபான்மையாய் வாழ்பவர்க்கோ கிடைப்பதே அந்த ஒன்று.

தழுவல் என்பதே குற்றமன்று. அக்கிரா குரோசாவாவின் ‘ரஷோமன்’ காட்டிய கதைசொல்லும் முறையை எஸ். பாலச்சந்தர் 1954-இல் ‘அந்த நாள்’ படத்திற் கையாண்டார். கதை சென்னைக்குப் பெயர்ந்தது. மாந்தரும் சென்னை மாந்தராயினர். சிவாஜி கணேசன் யப்பானியராக வேடமிடவில்லை. வித்தை கடன், வாழ்வு சொந்தம். மாறாக, வாழ்வைக் கடன் வாங்கிவிட்டு அதற்குரியவரை வாயிலில் நிறுத்துவதே வழக்குக்குரியது.

“அப்ப எங்கட தமிழ்ப் படங்கள்?” என்றான் மற்றொருவன். நியாயமே. தமிழறியா நடிகையர் வாயசைக்க, வேறொருவர் குரல் கொடுப்பதைப் பல்லாண்டாய் இரசித்தவர்கள் நாம். ‘தெனாலி’யில் (2000) கமல்ஹாசன் பேசிய ஈழத் தமிழைக் கேட்டு நம்மவரிற் சிலர் மகிழ்ந்தனர், சிலர் நம் பேச்சு நகைப்புக்கோ என்று வருந்தினர். அயலாரை நோக்கி நீட்டும் விரல் நம் பக்கமும் திரும்பத்தான் வேண்டும்.

எனினும் இக்கதைக்கு ஒரு தனி நியாயம் உண்டு. 1983 ஆடியில் நான் இளம் ஆசிரியன். வீதியில் மறித்த கூட்டம் ஒரு வாளியைக் காட்டி அதன் சிங்களப் பெயரைச் சொல்லச் சொன்னது. ‘பால்திய’ என்பது அச்சொல். அதன் முதலொலியைத் தமிழெழுத்தில் வேறுபடுத்தி எழுதவும் இயலாது. பலருக்கு நாவும் வளையாது. சிங்கள அயலவரிடையே வளர்ந்தவன் ஆதலால் என் நா வளைந்தது. உயிர் தப்பினேன். அதே சோதனையில் தப்பாதவர் உளர். அன்று ஒருவன் தமிழன் என்பதை முகம் காட்டிக் கொடுக்கவில்லை. நாவே காட்டிக் கொடுத்தது.

நாவுக்காக மாண்டவர் கதையை நடிப்பவர் எக்குலத்தவராயினும் ஆகுக. அந்த நாவைக் கற்கும் உழைப்பையேனும் அவர் தரவேண்டாமா? அவ்வுழைப்பை வேண்டாமலே தரக்கூடியவர் நம்மிடையே இருக்கையில், அவரை முதலில் அழைத்தல் முறையல்லவா?

மாணவி சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “சேர், அந்தச் சொல்லை ஒருக்காச் சொல்லுங்கோ” என்றாள். சொன்னேன். அவளும் சொல்லிப் பார்த்தாள், அவளுக்கு வரவில்லை.