நோன்பும் இன்சுலின் ஊசியும்

முத்துக்குளித்துறைக் கடலில் மூழ்கியவரின் உயிர், தோணியில் கயிறு பிடித்து நின்றவரின் கையில் இருந்தது. இன்சுலின் சார்ந்த நீரிழிவு உடையோர்க்கு அன்றாட ஊசியே அக்கயிறு.

இவர்களின் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்கள் அழிந்துவிடுகின்றன. அதனால் சர்க்கரை இரத்தத்தில் தேங்க, உடலின் அணுக்களோ பட்டினி கிடக்கின்றன. உடல் தன் கொழுப்பைக் கரைக்கிறது. இரத்தத்தில் அமிலம் பெருகி உயிருக்கே ஆபத்தாகிறது. இன்சுலினை விழுங்கினால் செரித்துப்போகும். ஆகவே ஊசியாகச் செலுத்துகின்றனர். 1922-இல் டொராண்டோ நகரில் 14 வயதுச் சிறுவனுக்கே இது முதன்முதலில் செலுத்தப்பட்டது.

"உண்ணாத நாளில் ஊசி எதற்கு?" என்று ரமலானில் வினவுவோர் உளர். அன்பர்களே! நாம் உண்ணாவிடினும் கல்லீரல் சர்க்கரையை வெளியிட்டுக்கொண்டே இருக்கிறது. எனவே அளவை மருத்துவர் மாற்றலாம். ஊசியை அறவே நிறுத்தலாகாது.

பன்றிக் கணையத்திலிருந்து எடுத்ததோ என்ற ஐயமும் வேண்டா. 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலின் உருவாக்கப்படுகிறது.

நோயாளிக்கு நோன்பில் சலுகை வழங்கியவன் அல்லாஹ். பின்னரும் நோற்க இயலாத தீரா நோயாளி, ஏழைக்கு உணவளித்து ஈடுசெய்யலாம். இரணம் அளித்த இறைவனின் அச்சலுகையை ஏற்பதும் வழிபாடே.