துருவுக்கு அடியில் ஒரு ஜாதகம்

மட்டாஞ்சேரி பஜாரில் மழைக்காலம் தொடங்கிவிட்டால் மிளகு மூட்டைகூட மூச்சுத் திணறும். கதவுக் கீல், குடைக் கம்பி, சைக்கிள் செயின் என்று இரும்பாகப் பிறந்த எதையும் உப்புக் காற்று விட்டுவைப்பதில்லை. அப்படி ஒரு மதியத்தில், பஜாரை ஒட்டிய சந்தில் ஓர் ஓட்டு வீட்டின் சாப்பாட்டு மேஜையில், பழைய வேட்டியை விரித்து அதன்மேல் கிடத்தப்பட்டிருந்தது அந்த ரைபிள். பக்கத்தில் தோல் உறையோடு ஒரு ஸ்கோப். இரண்டும் ஒரே நிறம்: செம்பழுப்பு.

வீட்டுக்காரர் என் நண்பர். மசாலா வியாபார நிறுவனம் ஒன்றில் கணக்கர். அவருடைய தந்தை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூணாறு தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனவர். 1950களில் தாயகம் திரும்பிய ஒரு துரை, போகிற போக்கில் அவருக்கு விற்றுவிட்டுப் போன துப்பாக்கி இது. வீட்டில் அதற்கு 'ரிக்பி' என்றே பெயர். லண்டன் ரிக்பி கம்பெனியின் கைவேலை என்று துரை சொன்னாராம். தந்தை காலமானதும், சட்டப்படி அதைக் காவல் நிலையம் ஒன்றில் ஒப்படைத்தார்கள். வாரிசு உரிமம் நண்பர் பெயருக்கு வந்துசேர்வதற்குள் இரண்டு மழைக்காலம் கடந்துவிட்டது. துப்பாக்கி திரும்பி வந்த கோலம்தான் மேஜைமேல் கிடந்தது.

நண்பரின் அம்மாவுக்கு எண்பதைத் தாண்டிய வயது. அவருக்கு ஒரே யோசனை: விற்றுவிட வேண்டும். பேத்தியின் கல்லூரிச் செலவு கண்முன் நிற்கிறது. உண்மையான ரிக்பி என்றால் நல்ல விலை போகும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர், பஃபிங் சக்கரத்தில் கொடுத்துக் கண்ணாடி மாதிரி ஆக்கித் தருவதாக முன்வந்திருந்தார். நல்லவேளையாக, அதற்கு முன்னால் எர்ணாகுளத்திலிருந்து அந்தப் பெரியவர் வந்து சேர்ந்தார். துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் பெற்றவர், எழுபது வயதுக்காரர். தெருவில் எல்லோருக்கும் இக்கா.

இக்கா முதலில் செய்தது, துப்பாக்கியின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பியது. அடுத்து போல்ட்டை இழுத்துத் திறந்தார். தோட்டா அறையில் சுண்டுவிரலை விட்டுத் தடவினார், மேகஸினைப் பார்த்தார். "காலி என்று நீங்கள் சொன்னால் போதாது சாரே, என் விரல் சொல்லணும்" என்றார். பிறகுதான் மண்ணெண்ணெயில் நனைத்த துணி வேலையைத் தொடங்கியது. அழுத்தித் தேய்க்கவில்லை, ஒற்றி எடுத்தார். கால் மணி நேரத்தில் குழலின் மேல் எழுத்துகள் தலைகாட்டின: ஆர்.பி. ரோடா அண்ட் கோ, கல்கத்தா.

அம்மாவின் முகம் சற்று வாடியது. "ரிக்பி இல்லையா?"

துப்பாக்கியில் பெரிதாகப் பொறித்த பெயர் பெரும்பாலும் விற்றவருடையதுதான். செய்தவரைக் கண்டுபிடிக்கச் சின்ன முத்திரைகளைத்தான் பார்க்க வேண்டும். ரோடா, மேன்டன் போன்ற கல்கத்தா வியாபாரிகள் ஐரோப்பாவிலிருந்து சரக்கை வரவழைத்துத் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். ரோடா என்ற பெயருக்குச் சரித்திரத்திலும் இடம் உண்டு. 1914 ஆகஸ்டில் அந்தக் கம்பெனிக்கு வந்த சரக்கிலிருந்து 50 மாஸர் பிஸ்டல்களையும் 46,000 தோட்டாக்களையும் வங்காளப் புரட்சியாளர்கள் பட்டப்பகலில் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆங்கில அரசின் தூக்கத்தைக் கெடுத்த அந்தப் பிஸ்டல்களைச் செய்ததும் இந்த ரைபிளின் பிறப்பிடமும் ஒரே நாடு என்பது அடுத்த சில நிமிடங்களில் தெரிந்தது.

போல்ட் அசையும் பகுதியின் பக்கவாட்டிலும் குழலின் அடிப்பாகத்திலும் கிரீடம் போட்ட பி, யு, ஜி எழுத்துகள். இது ஜெர்மானிய அரசுச் சோதனைச் சாலையின் முத்திரை. ஜி என்றால் குழலுக்குள் திருகு வரி போட்டது என்று பொருள். விற்பனைக்கு முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் அதிக அழுத்தமுள்ள தோட்டாவால் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் பிழைத்தால் முத்திரை அடிப்பது ஐரோப்பிய நாடுகளின் வழக்கம். லண்டன், பர்மிங்காம் சோதனைச் சாலைகளும் இதையே செய்தன. அப்படிப்பட்ட ஓர் ஆங்கில முத்திரையும் அருகில் இருந்தது. அதோடு, பூதக்கண்ணாடி வைத்துத்தான் படிக்க முடிந்தது, 'நாட் இங்கிலீஷ் மேக்' என்ற மூன்று வார்த்தைகள். இங்கிலாந்தில் செய்ததல்ல என்று இங்கிலாந்தே அடித்துக் கொடுத்த சான்றிதழ்!

காலமும் இதிலேயே கிடைத்துவிட்டது. அந்த மூன்று வார்த்தைகளை ஆங்கிலேயச் சோதனைச் சாலைகள் அடிக்கத் தொடங்கியது 1925ல். கிரீடம் போட்ட ஜெர்மன் எழுத்துகள் இரண்டாம் உலகப் போர் தொடங்கிய காலத்தோடு வழக்கொழிந்தன. ஆக, இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகளில் ஜெர்மனியில் செய்து, இங்கிலாந்து வழியாகக் கல்கத்தா வந்து, மூணாறு மலை ஏறிய மாஸர் ரைபிள் இது. துளை 9.3 மில்லிமீட்டர். போல்ட்டிலும் உடலிலும் ஒரே எண். இது முக்கியம். வேறு துப்பாக்கியின் போல்ட்டைப் பொருத்தியிருந்தால் தோட்டா அறையின் இடைவெளி மாறிப்போய், சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து வரலாம்.

நம் நாட்டுப் பழைய ரைபிள்களின் துளை அளவே பாதிக் கதையைச் சொல்லும். கலகக்காரர்கள் கைக்குப் போய்விடும் என்று பயந்து .450 அளவை ஆங்கில அரசு இந்தியாவில் தடை செய்தது. உடனே பிரிட்டிஷ் கம்பெனிகள் .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளை உருவாக்கின. ராணுவத்தின் .303 பொதுமக்களுக்குக் கிடையாது என்பதால்தான், அரசுத் தொழிற்சாலை ரைபிள் .315 என்ற அளவில் வந்தது.

துரை பொய் சொன்னாரா? முழுப் பொய் என்று சொல்வதற்கில்லை. ரிக்பி கம்பெனியே மாஸருக்கு இங்கிலாந்தில் முகவராக இருந்தது. தன் பெயர் போட்டு விற்ற பல ரைபிள்களின் இயக்கப் பகுதி மாஸரிலிருந்து வந்ததுதான். சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைச் சுட்டதற்காக ஜிம் கார்பெட்டுக்கு 1907ல் பரிசாகக் கொடுத்த .275 ரிக்பியும் அந்த ரகமே. அதன் கட்டையில் பதித்த வெள்ளித் தகடு இன்னும் இருக்கிறது. அதே கம்பெனி அதை 2015ல் திரும்ப வாங்கியது. நம் பக்கத்து கென்னத் ஆண்டர்சன் சேலம், தர்மபுரிக் காடுகளில் சுமந்தது அமெரிக்க வின்செஸ்டர் .405. இதையெல்லாம் நான் அம்மாவிடம் விளக்கினேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "அப்போ விலை?" ரிக்பி விலை கிடையாது என்று இக்கா சொன்னார். ஆனால் பஃபிங் போட்டிருந்தால் எந்த விலையும் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

இதில் விலை மட்டும் பிரச்சினை இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியின் அடையாள எண்ணை அழிப்பது குற்றம். எண் அழிந்த துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ, மாறாக நிரூபிக்கும் வரை அவரே அழித்ததாகச் சட்டம் கருதும். பளபளப்புக்கு ஆசைப்பட்ட கணக்கர் கம்பி எண்ண வேண்டி வந்திருக்கும். பழுதுபார்க்கவும் உரிமம் வேண்டும். பட்டறைக்காரருக்கு அது கிடையாது.

மீதி வேலை இக்காவின் கடையில் நடந்தது. போல்ட்டைக் கழற்றியதும் முதல் குற்றவாளி பிடிபட்டது: தேங்காய் எண்ணெய். தந்தை காலமெல்லாம் அதைத்தான் போட்டிருக்கிறார். சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும் எண்ணெய் அது. மூணாறு குளிரில் சுடுமுனை எப்படித்தான் நகர்ந்ததோ! வருடக்கணக்கில் கெட்டித்துப் பழுப்புப் பிசினாகி, விசையின் ஒவ்வொரு மூலையிலும் ஒட்டியிருந்தது. அதைக் கரைக்கவே ஒரு நாள் பிடித்தது.

குழல் அடுத்த கதை. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் பற்றவைக்கும் மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் அது பொட்டாசியம் குளோரைடு ஆகிறது. நம் சமையல் உப்பின் பங்காளி. காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் குழலைத் தின்னும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதனால்தான் விவரமறிந்த வேட்டைக்காரர்கள் முகாமுக்குத் திரும்பியதும் தேநீருக்கு முன்னால் குழலுக்குக் கொதிநீர் ஊற்றினார்கள். இக்காவும் கொதிநீர் ஊற்றினார். உலர்த்தி, வெண்கலப் பிரஷ்ஷைப் பின்பக்கத்திலிருந்து செலுத்தினார். வாய்ப்பக்கமிருந்து கம்பியைத் திணித்தால் திருகு வரியின் கடைசி விளிம்பு தேய்ந்து குறி தவறும். இங்கே ஏற்கெனவே துடைப்புக் கயிறு அறுத்த மெல்லிய தடம் இருந்தது. உள்ளே சில இடங்களில் அம்மைத் தழும்புகள். அவை போகாது. வெளித் துருவை எண்ணெயும் மெல்லிய எஃகுப் பஞ்சும் போட்டு எடுத்தார்; நீலப் பூச்சு மிச்சமிருந்த இடத்தைத் தொடவில்லை. வால்நட் கட்டைக்கு ஆளி விதை எண்ணெய், உள்ளங்கைச் சூட்டோடு.

ஸ்கோப்தான் ஏமாற்றியது. கார்ல் சைஸ், யேனா என்ற எழுத்து உண்மை. மேலே ஒரே ஒரு திருகு. உயரத்தை மட்டும் அது சரிசெய்யும். இடது வலதுக்குத் தாங்கியையே நகர்த்த வேண்டும். போருக்கு முந்தைய ஜெர்மன் ஸ்கோப்களின் லட்சணம் இது. ஆனால் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. இக்காலத்து ஸ்கோப்களில் நைட்ரஜன் நிரப்பி மூடுகிறார்கள். இதில் கொச்சிக் காற்றே நிரம்பியிருந்தது. தோல் உறை வேறு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. கேமரா வைத்திருக்கும் மட்டாஞ்சேரிக்காரர்களுக்கு இந்த நோய் நன்றாகத் தெரியும். வெளிக் கண்ணாடியை ஊதி, மென் தூரிகையால் தட்டி, சுத்தத் துணியால் துடைத்ததோடு இக்கா நிறுத்திக்கொண்டார். உள்ளே இரண்டு கண்ணாடிகளைப் பிசின் வைத்து ஒட்டியிருப்பார்கள். திறந்தால் மூட ஆளில்லை. பூஞ்சை கண்ணாடியையே அரித்திருந்தால் திறந்தும் பயனில்லை.

யூதத் தெருவின் பழம்பொருள் கடைகளில், பித்தளை விளக்குகளுக்கும் நின்றுபோன கடிகாரங்களுக்கும் நடுவே சுவரில் துப்பாக்கிகள் தொங்குவதைப் பயணிகள் பார்த்திருப்பார்கள். பழுதுபார்த்தும் சுட முடியாத பழம்பொருளுக்குச் சட்டம் விலக்கு அளிக்கிறது. இந்த ரைபிள் அந்த ரகமல்ல, இன்றும் சுடும். எனவே உரிமம் உள்ளவருக்கே விற்கலாம். வாங்குபவரின் விவரத்தோடு அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்து 45 நாள் காத்திருக்கவும் வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் வந்தபின் வேட்டை ரைபிளுக்கு என்ன தேவை என்று கேட்கலாம். 2022ல் கேரள அரசு, பயிரை அழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. அதிலிருந்து உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருப்பவர்களை மலையோரப் பஞ்சாயத்துகள் தேடுகின்றன. இடுக்கிப் பக்கத்திலிருந்து ஒருவர் விசாரித்திருக்கிறார். ஸ்கோப் வேண்டாம், ரைபிள் மட்டும் போதும் என்கிறார்.

நண்பர் கடிதத்தை எழுதி வைத்திருக்கிறார், இன்னும் கொடுக்கவில்லை. ரைபிள் இப்போது தோல் உறையில் இல்லை. பூட்டிய இரும்பு அலமாரியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்களோடு நிற்கிறது. போன வாரம் நான் போனபோது அம்மா அதைப் பார்க்க வேண்டும் என்றார். திறந்து காட்டினோம். குழலில் இருந்த கல்கத்தா எழுத்துகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அவருக்கு இது தெரியவே தெரியாதுடா" என்று மகனிடம் சொன்னார். பிறகு தடவிய இடத்தை முந்தானையால் துடைத்தார். வியர்வை பட்டால் துருப்பிடிக்கும் என்று இக்கா சொல்லியிருக்கிறாராம்.