வாப்பாவின் ஜனாஸாவுக்கு வர முடியாத மகன்: புலம்பெயர்ந்தோர் கதைகள் சொல்வது என்ன?

திருவட்டாறு, தக்கலை, திருவிதாங்கோடு, தேங்காய்ப்பட்டணம் என்று நம் பகுதியின் ஜனாஸா வீடுகளில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. மய்யித்துக்குக் கஃபன் இட்ட பிறகு ஒருவர் கைபேசியை உயர்த்திப் பிடிப்பார். திரையில் ரியாதிலோ துபாயிலோ இருந்து மகன் அழுதுகொண்டிருப்பான். லீவு கிடைக்கவில்லை, அல்லது பாஸ்போர்ட் முதலாளி கையில் இருக்கிறது. அடக்கம் முடிந்து ஊர் கலைந்துவிடும். அவன் மனதில் மட்டும், 'யாருக்காக இங்கே வந்தோமோ அவரே போய்விட்டாரே' என்ற குற்ற உணர்வு தங்கிவிடும்.

கதை வாசிப்பதை வீண் வேலை என்று கருதும் பெரியவர்கள் நம்மில் உண்டு. ஆனால் இந்த மகன் போனில் சொல்லாததை இன்றைய சிறுகதைகள் சொல்கின்றன.

கேரளத்தில் பிறந்து அபுதாபியில் வளர்ந்த தீபக் உண்ணிகிருஷ்ணன் எழுதிய 'டெம்பரரி பீப்பிள்' 2017இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதில் 28 கதைகள். ஒரு கதையில், தொழிலாளர் முகாமிலிருந்து தப்ப நினைக்கும் ஒருவர் பாஸ்போர்ட்டை விழுங்கிப் பாஸ்போர்ட்டாகவே மாறிவிடுகிறார். இன்னொருவர் சூட்கேஸாக மாறுகிறார். நடக்க முடியாத கதைதான். ஆனால் மனிதனை அவனுடைய காகிதமாகவும் அவன் கொண்டுவரும் பெட்டியாகவும் மட்டுமே பார்க்கும் உலகம் பொய்யல்ல. அந்தப் பெட்டியைத் திறக்கும் நாமும் அந்த உலகில் இருக்கிறோம்.

ஈழத்திலிருந்து சென்றவர்களின் கதைகளில் வலி வேறு வகையானது. இளம் வயதில் இயக்கத்தில் இருந்து, பின்னர் பிரான்சில் அகதியாகக் குடியேறிய ஷோபாசக்தியின் கதைகளில், தப்பிப் பிழைத்ததே ஒரு பாரமாகிறது. அகதி திரும்ப முடியாதவர். வளைகுடாத் தொழிலாளியோ திரும்பியே ஆக வேண்டியவர். எத்தனை வருடம் உழைத்தாலும் விசா முடிந்தால் அங்கே அவருக்கு இடமில்லை. ஊருக்கு வந்தால், பெற்ற பிள்ளையே உம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு எட்டிப் பார்க்கிறது. நம் மாவட்டத்து எழுத்தாளர் மீரான் மைதீன் தமது வளைகுடா நாவலுக்கு 'அஜ்னபி' என்று பெயரிட்டார். அந்த அரபுச் சொல்லுக்கு அந்நியன் என்று பொருள். அங்கும் அந்நியன், இங்கும் அந்நியன்.

ஊரை நினைத்து ஏங்குவது ஈமானின் பலவீனமா? இல்லை. ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த பிலால் (ரலி) அவர்கள் காய்ச்சலில் கிடந்தபோது, மக்காவின் பள்ளத்தாக்கையும் அதன் புற்களையும் நினைத்துக் கவி பாடியதாக புகாரியில் வருகிறது. நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டிக்கவில்லை. மக்காவைப் போல, அல்லது அதைவிட அதிகமாக மதீனாவை எங்களுக்கு நேசத்துக்குரியதாக்குவாயாக என்று துஆ செய்தார்கள்.

பெற்றோரை அழவைத்துவிட்டு ஹிஜ்ரத்துக்கு பைஅத் செய்ய வந்த ஒருவரை, திரும்பிப் போய் அவர்களைச் சிரிக்க வைக்கும்படி அனுப்பிய செய்தி அபூதாவூதில் உள்ளது. ஆகவே இந்தக் குற்ற உணர்வு அர்த்தமற்றதல்ல. பெற்றோரின் ஹக்கை அறிந்த மனம்தான் அப்படித் துடிக்கும். ஆனால் குடும்பத்தின் கடனுக்காக, பெற்றோரின் சம்மதத்தோடு சென்றவர் தம்மைப் பாவியாக எண்ணி நொந்துபோக வேண்டியதில்லை. அபிசீனியாவில் இறந்த நஜாஷி மன்னருக்கு நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் இருந்தே ஜனாஸா தொழுதார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் இந்த காயிப் ஜனாஸாவுக்கு இடமுண்டு. ஸாலிஹான பிள்ளையின் துஆ மரணத்துக்குப் பிறகும் பெற்றோரைச் சேரும் என்பது முஸ்லிமில் பதிவான ஹதீஸ். அந்த துஆவுக்கு விசா வேண்டாம்.

ஊரில் இருக்கும் நமக்கும் கடமை உண்டு. 'வாப்பா மவுத்துக்குக்கூட வரவில்லையே' என்று ஒருவரைக் குத்திப் பேசும் முன், அவர் ஏன் வரவில்லை என்று விசாரிப்போம். அடுத்த முறை போன் வரும்போது, பணம் அனுப்பியாச்சா என்பதற்கு முன்னால் 'சாப்பிட்டியா மோனே, உடம்புக்கு எப்படி இருக்கு?' என்று கேட்போம்.