மருவா, புற்றா? சதைத் துண்டு சொல்லும் சேதி



போன மாதக் கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டாங்க: "உள்ளங்கால்ல இருந்த கறுப்புக் கட்டியை வெட்டி டெஸ்டுக்கு அனுப்பினாங்க. இப்ப அதே சதையில இன்னொரு டெஸ்ட் பார்க்கணுமாம். எதுக்கு ரெண்டாவது? வீண் செலவுதானே?" நியாயமான கேள்வி. நாமும் விசாரித்துத் தெரிஞ்சுக்கிட்டதை இங்கே எழுதுகிறோம்.

தோலில் வருகிற மச்சம், மரு, கட்டி எல்லாமே புற்று இல்லை. பெரும்பாலும் சாதுவான கட்டிதான். புற்றுக் கட்டி பக்கத்துச் சதைக்குள் ஊடுருவும், வேறு உறுப்புக்கும் பரவும். ஆனால் சில நேரம் பார்வைக்கு ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும்.

அதனால் வெட்டிய சதையை மெழுகில் பதித்து, தலைமுடியை விட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். பல பேருக்கு இதிலேயே முடிவு தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் ஐ.எச்.சி. என்ற டெஸ்ட் செய்வார்கள்.

செல்களில் இருக்கும் சில புரதங்கள் அடையாளக் குறி மாதிரி. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி போல, அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் மருந்தைப் போடுகிறார்கள். ஒட்டிய இடத்தில் நிறம் தெரியும்.

• கி-67: பெருகுகிற செல்களைக் காட்டும். சாதாரண மச்சத்தில் ரொம்பக் குறைவு. மெலனோமா என்ற தோல் புற்றில் பொதுவாக அதிகம்.

• எச்.எம்.பி-45: சாதாரண மச்சத்தில் பொதுவாக மேலே தெரிந்து, ஆழம் போகப்போகக் குறையும். மெலனோமாவில் ஆழத்திலும் அங்கங்கே தெரியலாம்.

• பி-16: மச்சத்தில் பெரும்பாலும் இருக்கும். பல மெலனோமாவில் காணாமல் போகும்.

ஒரே குறியை வைத்து முடிவு சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் சொல்வார். புற்று இல்லைன்னா தேவையில்லாத பெரிய ஆபரேஷன் மிச்சம். புற்றுன்னா சீக்கிரமே சிகிச்சை தொடங்கலாம்.

நாம் கவனிக்க வேண்டியது:

நம்மைப் போன்ற கறுத்த தோலில் மெலனோமா குறைவு. வந்தால் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில் வர வாய்ப்பு அதிகம். "முள்ளு குத்தினதுதான்"னு விட்டுடாதீங்க. புதுசா வந்து பெரிதாகிற, நிறம் மாறுகிற, ரத்தம் கசிகிற கறுப்புப் புள்ளியை, ஆறாத புண்ணை டாக்டரிடம் காட்டுங்க.

சுண்ணாம்பு, ஆசிட் வைத்துப் பொசுக்காதீங்க. பொசுங்கிப்போன சதையில் டெஸ்ட் செய்ய ஒண்ணுமிருக்காது. கட்டியை எடுத்தால், "லேபுக்கு அனுப்பறீங்களா?"ன்னு தயங்காம கேளுங்க.

ரெண்டாவது டெஸ்டுக்குப் பெரும்பாலும் மறுபடி வெட்ட வேண்டியதில்லை. அதே மெழுகுக் கட்டி போதும். வேறு ஆஸ்பத்திரிக்குப் போனால் ரிப்போர்ட்டோடு பிளாக், ஸ்லைடு ரெண்டையும் கேட்டு வாங்கிட்டுப் போங்க.

அந்த அக்கா டெஸ்டுக்குச் சம்மதிச்சுட்டாங்க. செலவுக்கு உள்கடன் தர குழுவில் தீர்மானம் போட்டிருக்கோம். ரிசல்ட் வாங்கப் போகும்போது நம்மில் ரெண்டு பேர் கூடப் போகிறோம்.